இன்டெக்ஸ் மணல் ஃபில்டர்: பனிக்காலத்துக்குப் பேஸ்மென்டில் வைக்க ஏற்றதா?

கனடாவில் பின்வளவு நீச்சல் குளத்துக்கு ஃபில்டர் வாங்குபவர்கள் கடையில் கேட்பது நீரோட்ட வேகத்தை. ஒன்டாரியோவில் ஏழெட்டு மாதம் சும்மா கிடக்கப்போகும் சாதனம் இது. அதனால் கழற்றி உள்ளே கொண்டுபோக வசதியா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்த வகையில் இன்டெக்ஸ் நிறுவனத்தின் மணல் ஃபில்டருக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஒட்டிய பிவிசி குழாய் எதுவும் கிடையாது. ஹோஸ்கள் திருகுமரையில் கழன்றுவிடும், மோட்டார் தொட்டியிலிருந்து தனியே வரும்.

உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் உடலில் நீர் தேங்கி உறைந்தால் விரிசல் நிச்சயம். கடைசியாக ஒருமுறை பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது), பிறகு ரின்ஸ் (அலசுவது). வெளியேறும் நீர் தெளிந்ததும் பம்பை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்குங்கள். தொட்டியின் அடி மூடியைத் திறந்து நீரை வடிய விடுங்கள். மோட்டாரைக் கழற்றி மெல்லச் சாய்த்தால் உள்ளே ‘களக்’ என்று கேட்கும். நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் அறையில் மிச்சமிருக்கும் நீர் அது. நாலு பக்கமும் திருப்பி அதைக் கொட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள்.

நீர் போகும் வழியை மாற்றும் ஆறு வழி வால்வில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். ‘குளோஸ்டு’ என்ற பெயரை நம்பிக் கைப்பிடியை அங்கேயே விட்டால் நீர் உள்ளே அடைபடும். கைப்பிடியை அழுத்தி, முள் இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிற்கும்படி விட வேண்டும். அப்போது நீர் வடியும், உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்காது. பம்ப் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது, கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

குறை என்று சொன்னால் மணல். ஈர மணலோடு தொட்டியைச் சாய்த்துத் தூக்கினால் அடியிலுள்ள விரல் போன்ற வடிகுழாய்கள் முறியலாம். மணலை அள்ளி எடுத்துவிட்டே நகர்த்துங்கள். திரும்பக் கொட்டும்போது நடுக்குழாயின் வாயை மூடி, தொட்டியில் பாதி நீர் நிரப்பிக்கொண்டால் வடிகுழாய்களுக்கு அடி விழாது. இந்தச் சிரமத்தை விரும்பாதவர்களுக்கு, மணலுக்குப் பதில் கழற்றி மாற்றும் வடிகட்டி உருளை கொண்ட கார்ட்ரிட்ஜ் ஃபில்டரே சரி.

எங்கே வைப்பது? 0 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் உலர்ந்த இடத்தைக் கேட்கிறது கையேடு. ஹீட்டர் இல்லாத கராஜ் ஜனவரியில் அதைத் தராது, பேஸ்மென்ட்தான். வெறும் கான்கிரீட்டில் வைக்காமல் பலகை போடுங்கள், வந்த பெட்டியையும் எறியாதீர்கள். ஓ-ரிங்குகளைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒரு பையில் போட்டு மோட்டாரோடு கட்டிவிடுங்கள். மே மாதத்தில் பம்ப் ஓடாமல் நிற்பதற்குத் தொலைந்த ஒரு ரப்பர் வளையமே போதும். ஹோஸ்களை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள்.

குளோரின் மாத்திரைகளை மட்டும் இந்தச் சாமான்களோடு வைக்காதீர்கள், ஃபர்னஸ் அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மூடிய வாளியிலிருந்தும் கசியும் ஆவி மோட்டாரின் உலோகத்தை அரிக்கும். அமிலப் புட்டி பக்கத்தில் இருந்து இரண்டும் கலந்தால் வெளிவருவது நச்சு வாயு. திறந்த வாளியைக் குளத்தை மூடுவதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.