கழுதைத் தோல் வணிகம்: உரிமமா, பண்ணையா, தடையா?

கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினிலிருந்து தயாராவது, சீனாவில் இரத்தச்சோகைக்கும் உடல்வலுவுக்கும் உண்ணப்படும் எஜியாவ் என்ற மருந்து. 1992இல் 1 கோடியே 10 லட்சமாக இருந்த சீனக் கழுதைகள் 20 லட்சத்துக்கும் கீழே சரிந்துவிட்டதால், வணிகர்களின் பார்வை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது. இந்தத் தேவைக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 59 லட்சம் கழுதைகள் கொல்லப்படுவதாக டாங்கி சாங்சுவரி தொண்டு நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது.

முறைப்படுத்தினால் போதும் என்பவர்கள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடங்களைப் பரிந்துரைக்கிறார்கள். கென்யா 2016 முதல் அதைத்தான் செய்து பார்த்தது. மூன்றே ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கழுதைகள் அறுக்கப்பட்டன; அவை பெருகும் வேகத்தைவிட இது ஏறத்தாழ 5 மடங்கு. உரிமம் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. இரவில் கட்டிய கழுதையை விடியலில் காணாமல் தேடிப்போனவர்கள், புதர் மறைவில் தோலுரிக்கப்பட்ட உடலைக் கண்டார்கள். அன்றைக்குத் தண்ணீர்க் குடங்களைச் சுமக்கும் வேலை வீட்டுப் பெண்களின் முதுகில் ஏறியது. உப்பிட்டு மடித்த தோலைப் பார்த்து, அது விலைக்கு வாங்கியதா களவாடியதா என்று எவராலும் சொல்ல முடியாது. உரிமமுறை தோற்ற இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

பண்ணை வளர்ப்பு கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், பெண் கழுதை ஏறத்தாழ ஓராண்டு சினை சுமந்து ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும் என்பதையும், அச்சத்தால் தீவனத்தைத் தொடாமல் விட்ட கழுதை இரத்தத்தில் கொழுப்பேறி இறந்துவிடக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டால், இத்தனை பெரிய தேவையை அதனால் ஈடுகட்ட இயலாது.

ஆகவே மிஞ்சுவது தடை. ஆனால் ஒரு நாடு மட்டும் தடுத்தால் வணிகம் எல்லை தாண்டி அண்டை நாட்டுக்குப் போய்விடுகிறது. கென்யா 2020இல் விதித்த தடையையோ மறு ஆண்டே நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஒப்புக்கொண்ட 15 ஆண்டுத் தடை கண்டம் முழுவதையும் தழுவுவதால், அண்டை நாட்டு வழியையும் அடைக்க முற்படுகிறது. மற்ற வழிகளைவிட இதையே நான் ஆதரிக்கிறேன். ஜெலட்டினுக்கு மூலமான கொலாஜன் என்ற புரதத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் முறை வளர்ந்தால் தேவையும் குறையலாம். எனினும் அது வரும்வரை கழுதைகள் காத்திருக்க முடியாது. ஒன்றியத்தின் முடிவை ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக்கி, துறைமுகத்தில் மாட்டுத்தோல் என்ற பெயரில் வந்துநிற்கும் கன்டெய்னர்களையும் திறந்து பார்த்தாக வேண்டும்.