பெரியவர்களுக்கு ஃப்ளூ: முன்னாலேயே ஊசியா, வந்தபின் மாத்திரையா?

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடாவருடம் ஃப்ளூ ஊசி போடுவதா, வந்தபிறகு ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டமிவிர் மாத்திரை கொடுத்துச் சமாளிப்பதா என்று கேட்டால், நம் ஓட்டு ஊசிக்குத்தான். செலவு, கைவலி எல்லாம் சின்ன விஷயம். தீர்மானிப்பது நேரம்.

ஓசெல்டமிவிரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். வயதானவர்களிடம் அந்தத் தொடக்கமே பிடிபடுவதில்லை. காய்ச்சல் 99 டிகிரியோடு நின்றுவிடலாம். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், எழுந்து நடக்கையில் தடுமாறுவார்கள், பேச்சு குழம்பும். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிட்டு மூச்சு வாங்கும்போது தூக்கிக்கொண்டு ஓடினால், அதற்குள் மூன்று நாள் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல், இந்த மருந்தை வெளியேற்றும் சிறுநீரகம். வழக்கமான அளவு 75 மி.கி., காலை, இரவு, 5 நாள். 45 கிலோ எடையுள்ள 80 வயதுப் பாட்டிக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் ரத்தக் கழிவு) 1.2 என்றால் லேப் ரிப்போர்ட் பெரிதாகப் பயமுறுத்தாது. ஆனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு சுமார் 27 மி.லி.தான். அவருக்கு 30 மி.கி., நாளைக்கு ஒரே வேளை. பக்கத்து வீட்டில் மிஞ்சிய அட்டையை வாங்கிப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

ஊசியில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. 0.5 மி.லி., புஜத்துத் தசையில், வருடம் ஒருமுறை. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். சென்னைப் பக்கம் ஃப்ளூ பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மழையோடு ஏறுகிறது. ஆகவே செப்டம்பர் பாதிக்குள் போட்டுவிடுங்கள். பெட்டியில் எந்தப் பருவத்துக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஐஸில் உறைந்துபோனதைப் போடவே கூடாது. செயலிழந்த வைரஸ் என்பதால் ஊசியால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் உடம்புவலி வரலாம்.

ஊசி முழுக் கவசம் அல்ல. 80 தாண்டியவர்களிடம் பலன் குறையும், வருடத்துக்கு வருடம் மாறும். இத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 60 உள்ள உயர் அளவு ஊசி முதியோருக்கு மேலானது. கிடைத்தால் அது, இல்லையென்றால் காத்திராமல் சாதாரணதே.

மாத்திரை வீண் என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் நிலை என்றால் 48 மணி தாண்டினாலும், பரிசோதனை முடிவு வருமுன்னே தொடங்குவார்கள். வீட்டிலிருந்தபடி சாப்பிடுவோருக்கு மருத்துவமனை போவதை அது தவிர்க்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. குமட்டும், வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.