ஏழு பேர்ச்சில் வாசல் எவ்வளவு?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் காணிப் பேச்சுதான். லயத்தை விட்டு இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. தேயிலைத் தோட்டத்திலேயே ஏழு பேர்ச் (பேர்ச் என்பது எங்கள் நில அளவு) வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்பது மனைவியின் கட்சி. அவருடைய தங்கச்சிக்கு அப்படித்தான் வீடு கிடைத்தது. அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, "எங்க போனாலும் சரி, கீரைய இனி காசு குடுத்துத்தான் வாங்கணும்" என்று முடித்துவிடுகிறார்.

அந்தக் கீரைப் பேச்சைக் கேட்டுத்தான் லயம், ஏழு பேர்ச் வீடு, டவுன் காணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. கூரை, தரை, கக்கூஸ், கரண்டு எல்லாவற்றிலும் லயம்தான் கடைசி. அதில் விவாதமே இல்லை. நான் பார்ப்பது வாசலை மட்டும். வீட்டைச் சுற்றி மிஞ்சும் இடம் எங்கே எவ்வளவு, அதில் என்ன செய்யலாம்?

முதலில் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே நீள வாசல். கணக்குப் பார்த்தால் எங்களுக்கென்று ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. காணி அரசாங்கத்துடையது, நிர்வாகம் 1992க்குப் பிறகு கம்பெனிகளின் கையில். ஆனால் பழக்கத்தில் பார்த்தால் கதை வேறு. லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரை வரை அப்பா போட்ட தோட்டத்தில் போஞ்சி, லீக்ஸ், கோவா, ஒரு மூலையில் வாழை, அதற்குக் கீழே மாட்டுப்பட்டி. யாரும் அளந்ததில்லை. பின்னாளில் நான் அடி வைத்துப் பார்த்தபோது அரை ஏக்கரில் கால்பங்காவது தேறும் என்று பட்டது. அதாவது இருபது பேர்ச். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தோட்டத்துத் தொரை (மேலாளர்) மாறி, "இங்கே டர்பன்டைன் மரம் வைக்கப் போகிறோம்" என்று ஒருநாள் ஆள் வந்தால் அத்தனையும் போயிற்று. எங்களுக்கு அப்படித்தான் பாதி போனது. லயத்தில் அனுபவிக்க நிறைய இடம் இருந்தது, உரிமை மட்டும் இல்லை.

அடுத்தது ஏழு பேர்ச் தனி வீடு. மலையகத்தில் இன்று புது வீடு என்றால் மனதில் வருவது இதுதான். 550 சதுர அடி வீடு, சுற்றி ஏழு பேர்ச் காணி. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்று வந்தது. அதில் 404 வீடுகள் 2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் கையளிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் நோர்வூட் மைதானத்தில் மோடி இன்னும் 10,000 என்று அறிவித்திருந்தார். ஏழு போதாது, பத்து வேண்டும், இருபது வேண்டும் என்ற குரல் அன்று முதல் இருக்கிறது. நியாயமான குரல்தான். ஆனால் பேர்ச் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் மலையில் ஏமாந்துபோவோம் என்பது என் எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும். ஏழுக்கு ஏறக்குறைய 1,906. வீட்டின் 550 போக மிச்சம் 1,356 சதுர அடி. காகிதத்தில் பார்த்தால் வீட்டைப்போல் இரண்டரை மடங்கு வாசல், நல்ல வாசல். ஆனால் சேவையர் பிளானில் இருப்பது மேலே இருந்து பார்த்த அளவு, மட்டமாக. நம் காணி மட்டமா?

38 அடி அகலம், 50 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றடி நடந்தால் ஓரடி ஏறும் சரிவு. நம் பக்கத்தில் இதைப் பெரிய சரிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வீடு 25 அடி நீளம். முன்னால் நிற்க நாலடி, பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மூன்றடி என்றால் 32 அடி மட்டம் வேண்டும். அந்த 32 அடிக்குள் நிலம் பத்தரை அடிக்கு மேல் ஏறிவிடும். பாதியை வெட்டி, பாதியை நிரப்பினாலும் பின்னால் ஐந்தடிக்கு மேல் மண்மேடு, முன்னால் ஐந்தடிக்கு மேல் பள்ளம். மேட்டைச் செங்குத்தாக விட்டால் முதல் மழைக்கே சரியும். நாற்பத்தைந்து பாகை சாய்த்து விட்டால் பின்னால் எட்டடி, முன்னால் எட்டடி அந்தச் சாய்வே தின்றுவிடும். 32ம் 16ம் 48. காணியின் 50 அடி நீளமும் தீர்ந்தது. வீடு போக மட்டமாக மிஞ்சுவது 670 சதுர அடி அளவில்தான், அதாவது காகிதத்தில் இருந்த வாசலில் பாதி. அதிலும் மலக்குழி, படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் போக வேண்டும்.

மண்ணைத் தாங்கும் கல்லுக்கட்டு கட்டினால் அந்த எட்டடிகளை மீட்கலாம். ஆனால் கல்லுக்கட்டுக்கு ஆகிற காசில் இன்னொரு அறை போடலாம். வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் வழக்கமாக மேட்டுக்கும் கொடுப்பதில்லை.

மனைவியின் தங்கச்சி வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். போன கார்த்திகையில் போயிருந்தோம். அவருக்கு கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் சோறும் குளிக்கிற வெந்நீரும் விறகில்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி சும்மா கிடைக்கும்போது எதற்கு கேஸ்? புது வீட்டின் அடுப்படிக்குள் புகை பிடிக்கும் என்று வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்து ஓர் அடுப்படி இறக்கியிருக்கிறார். அது நிற்பது கானுக்கு மேலே. வேறெங்கே நிற்கும்? மழை வந்ததும் மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் கானில் போக வழியில்லாமல் அடுப்படிக்குள் வந்து சாம்பலைக் கரைத்துக்கொண்டு ஓடியது. மேல் வீட்டு மலக்குழி எங்கே இருக்கிறது என்பதை அந்த மண்மேட்டில் கசியும் ஈரமும் வாடையும் சொல்லிவிடும். "மேல இருக்கவங்கள குத்தம் சொல்லி என்னா மாமா செய்றது, நாங்களும் கீழ் வீட்டுக்குத்தானே விடுறோம்" என்றார். லீக்ஸ் நடுவதை மட்டும் அவர் விடவில்லை. வெற்று உரச்சாக்குகளில் மண் நிரப்பி, முன்பக்கப் படியின் இரு பக்கமும் அடுக்கியிருக்கிறார். பதினான்கு சாக்கு. மாட்டை விற்றாயிற்று. பட்டி போட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எட்டடி தூரம்தான், சண்டை வரும்.

இதெல்லாம் கேட்டால் ஏழு பேர்ச் வீடு மோசம் என்று தோன்றும். நான் அப்படிச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினால் நம் வீடு, இருமினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காது. பெரிய பிள்ளை படிக்கத் தனி அறை. இதற்கு ஈடாக நாலு சாக்கு லீக்ஸை விடலாம் என்று அந்தத் தங்கச்சியே சொல்கிறார். குறை வீட்டிலில்லை, காணியை நறுக்கிய விதத்தில்தான்.

பத்துப் பேர்ச் கேட்பவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். கூடுதல் மூன்று பேர்ச் எந்தப் பக்கம் வருகிறது? மேலும் கீழுமாக நீட்டிக் கொடுத்தால் இன்னும் இருபது அடிக்குச் சற்று மேல் சரிவு கிடைக்கும். தேயிலை நடலாம், வாசல் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் கொடுத்தால் 16 அடி அகலம் கூடி, அதே மட்டத்தில் 500 சதுர அடி தரை கிடைக்கும். ஒரு மரக்கறித் தோட்டமும் கோழிக்கூடும் தாராளமாக. ஒரே மூன்று பேர்ச், இரண்டு வேறு வாழ்க்கை.

ஒன்றின் மேல் ஒன்றாக வீடு வைத்துக் கட்டிய மாடி லயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கீழ் வீட்டுக்காரருக்கு வாசல் உண்டு, மேல் வீட்டுக்காரருக்குக் கொடிக்கயிறு உண்டு. இடம் மிச்சம் என்று திட்டம் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும், விறகு சுமப்பவர்களுக்குப் பிடிக்காது.

அப்புறம் என் கட்சி, டவுனோரக் காணி. பழைய தோட்டத்துண்டை வாங்கி, ஆறு பேர்ச், எட்டு பேர்ச் என்று நறுக்கி விற்பது இப்போது ஹட்டன், பண்டாரவளை, கண்டிப் பக்கம் எங்கும் நடக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபைப் பகுதிகளில் வீட்டுக்காணியின் வழக்கமான ஆகக்குறைந்த அளவு 150 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச். விற்பவர்களும் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றுகொள்கிறார்கள். கொழும்பில் ஆறு பேர்ச் என்றால் ஆறு பேர்ச்தான். திகன, குண்டசாலைப் பக்கம் மட்டமான துண்டு கிடைத்தால் அங்கேயும் அப்படித்தான். எங்கள் பக்கம் அப்படியில்லை.

நான் பார்க்கப் போன துண்டு 8.2 பேர்ச். போர்டில் இருபதடிப் பாதை என்று எழுதியிருந்தது, பாதை இருந்தது, பொய்யில்லை. கீழ் எல்லைக்கல்லில் நின்று மேல் கல்லை அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். "ஜேசிபி போட்டா ஒரு நாள் வேலை சேர்" என்றான் காட்ட வந்த பையன். வெட்டுகிற மண்ணை எங்கே போடுவது என்று கேட்டேன். கீழே காட்டினான். கீழே இன்னொருவர் ஏற்கெனவே அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனபின் மண்மேட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும். காணி விற்கிறவரிடம் அந்தக் காகிதம் கையில் இருக்கிறதா என்று கேட்டால், "அது நீங்க வீடு கட்டும்போது எடுக்கலாம்" என்பார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். காணி உறுதி (பத்திரம்) சுத்தமாக இருக்கலாம், வங்கி லோன் கொடுக்கலாம், ஆனால் வெட்டக்கூடாது என்று வந்துவிட்டால் எட்டு பேர்ச்சில் நான் ஆடு மேய்க்கத்தான் முடியும்.

டவுன் காணிக்கு ஒரே ஒரு பெரிய லாபம், தேர்வு நம் கையில். ஏழு பேர்ச் வீட்டில் எந்தத் துண்டு விழுகிறதோ அதுதான். இங்கே பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாம். பதினொரு துண்டு பார்த்தேன். அதில் இரண்டுதான் பாதையோடு ஒட்டி அகலமாக, சரிவு குறைவாக இருந்தன. ஒன்று 6.4 பேர்ச், விலையும் குறைவு. அந்த எட்டு பேர்ச்சைவிட இதில் வாசல் அதிகம் வரும் என்று நாடாவைப் பிடித்து அளந்து காட்டியபிறகு மனைவி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் காணியைப் பார்க்கவே இல்லை. நேரே மேல் பக்கத்துக்குப் போய், பக்கத்துக் காணியின் கான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குனிந்து பார்த்தார். "மழ பேயிறன்னைக்கு ஒருக்கா வந்து பாரு" என்றார். ஐப்பசி மழைக்குக் குடையோடு போகப் போகிறேன். அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான்.