மறுநாள் காலையும் சுவெட்டரில்: ஓ சொவாஜுடன் பத்து ஆண்டுகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி டீமேக்கராக இருக்கும் தம்பி ஒருவர், கல்யாணத்துக்குக் "காலத்துக்கும் நிற்கிற சென்ட்" ஒன்று வாங்க வேண்டும் என்றும், நான் பூசிவரும் டியோர் ஓ சொவாஜையே வாங்கலாமா என்றும் போன வாரம் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. குவைத்தில் வேலை செய்த அக்கா முதல் போத்தலைக் கொண்டுவந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது என் அலுமாரியில் இருப்பது நான்காவது.

முதலில் ஒரு தெளிவு. 2015இல் வந்த சொவாஜ் வேறு, 1966இல் வந்த ஓ சொவாஜ் வேறு. கடையில் பழையதைக் கேட்டால் புதியதை எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்யாத குறை. பெயரை முழுதாகப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

பத்து ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: நுவரெலியாக் குளிரில் இந்த வாசனையின் தொடக்கம் எழுவதேயில்லை. கொழும்பு வெக்கையில் சட்டையில் பட்டதும் எலுமிச்சையும் அதே இனத்துப் பழமான பெர்கமொட்டும் பளிச்சென்று கிளம்பும், பத்து நிமிடத்தில் அடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரிக் காலையில் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும்போது அதே வாசனையைப் பூசினால் வெறும் ஸ்பிரிட் நெடி மட்டும் மூக்கில் ஏறி, மற்றதெல்லாம் தோலோடு தோலாகப் படுத்துவிடுகிறது. வாசனை என்பது ஆவியாகி மூக்கை வந்து அடைய வேண்டிய பொருள். குளிரில் அந்த ஆவி மெதுவாகவே கிளம்பும் என்பதால் குறை போத்தலில் இல்லை என்று அறிவேன். அறிந்தும், இவ்வளவு விலை கொடுத்த பொருளின் முகத்தை ஆண்டில் பாதி நாள் பார்க்க முடியவில்லை என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

ஆனால் அந்த எரிச்சலே எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. நாணு ஓயா நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்த ஒரு காலையில், குளிர் பொறுக்காமல் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் தாடைக்குக் கீழே பிடித்திருந்தேன். ஆவி சுவெட்டரின் கழுத்துக்குள் புகுந்ததும், முதல் நாள் காலையில் பூசிய வாசனை அங்கிருந்து எழுந்தது. எலுமிச்சை போயிருந்தது; ஆயினும் அதே வாசனைதான் என்பதில் ஐயமே இருக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மரத்தில் பாசி சுரண்டும்போது வரும் ஈர மணத்தை ஒத்த ஒன்று அடியில் இருந்தது. அது ஓக் மரத்தில் வளரும் ஓக் பாசியின் வேலை; பெயரில் பாசி என்றாலும் அது லைக்கன் வகை. அதன் மேல் மிக மெல்லியதாக மல்லிகை.

அந்த மல்லிகையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாசனையைப் பற்றிப் பேச முடியாது. இதை ஆக்கிய எட்மண்ட் ருட்னிட்ஸ்கா, மல்லிகை மணத்தோடு உறவுள்ள ஹெடியோன் என்ற சேர்மத்தை இதில் துணிந்து பயன்படுத்தினார். அது மல்லிகைச் சரத்தை மூக்கருகில் வைத்து முகர்வது போலன்று. மல்லிகைப் பந்தல் உள்ள முற்றத்தை இரவில் கடந்து போவது போன்றது. அதன்பின் ஹெடியோன் எண்ணற்ற வாசனைகளுக்குள் புகுந்துவிட்டதால், இதை முதல்முறை முகர்பவருக்கும் எங்கோ பழகிய மணமாகத் தோன்றும். இப்படித்தான் 1889இன் ஜிக்கி, 1921இன் ஷனெல் நம்பர் 5, 1925இன் ஷாலிமார் ஆகிய வாசனைகளும் முறையே கூமரின் - வனிலின், அல்டிஹைடுகள், எதில் வனிலின் என்ற மணச் சேர்மங்களைக் கொண்டு தம் காலத்தில் புதுமை செய்தன. ஆனால் புதுமை மட்டும் ஒரு வாசனையை நிலைக்க வைப்பதில்லை. முதல் நிமிடத்தில் அசத்திவிட்டு, மாலையில் யாருடையதென்றே தெரியாத இனிப்பு வாடையாகக் கரைந்துபோகும் வாசனைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தேய்ந்து தேய்ந்து கடைசி இழை மிஞ்சும்போதும் இன்னதென்று அடையாளம் தெரிவதைத்தான் நான் காலத்துக்கும் நிற்கும் வாசனை என்பேன். கடைகளோ காகிதத் துண்டில் அடித்து முதல் நிமிடத்தை மட்டுமே விற்கின்றன.

2022 ஆகஸ்டில் இலங்கையில் வாசனைத் திரவியங்கள் உட்பட 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோது என்னிடம் இரண்டு விரற்கடையே மிஞ்சியிருந்தது. திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் என்று எடுத்துவைத்தேன். தடை தளர்ந்தபின் கண்டியில் ஒரு கடையில் மூன்றாவதை வாங்கினேன். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் எத்தனை மாதம் நின்றதோ, திரவம் கடுத்திருந்தது. எலுமிச்சைக்குப் பதில் பழைய வார்னிஷ் நெடி. வெளிச்சமும் சூடும் முதலில் கெடுப்பது எலுமிச்சை வகை எண்ணெய்களைத்தான். மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

குளிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் வெந்நீரில் குளித்த உடம்பில், நெஞ்சுப் பக்கமாகப் பூசி, அதன்மேல் சட்டையும் சுவெட்டரும் போட வேண்டும். மேல்துணியில் அடிப்பது வீண். ஓக் பாசியிலுள்ள, ஒவ்வாமை தரும் இரண்டு பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது. அத்தகைய விதிகளால் பழைய வாசனைகள் பலவற்றின் சேர்மானம் திருத்தப்பட்டிருப்பதால், பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் மணத்தைப் புதிய போத்தலில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

இத்தனை புகழ்ந்தபின் தம்பிக்கு நான் சொல்வது, வாங்க வேண்டாம் என்பதே. தேயிலை சுற்றியுள்ள மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். கொழுந்து வாடும் மாடியிலும் தூள் சலிக்கும் இடத்திலும் நிற்பவர் உடம்பில் வாசனை இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் இந்த வாசனையின் உயிர் மறுநாள் காலையில்தான் இருக்கிறது. அந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் தொழிற்சாலையில் நிற்பார். கல்யாண நாள் ஒன்றுக்காக அத்தனை பணத்தைக் கொட்டி, மீதியைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்தால் போதும். மணவறைக்குப் போகும்போது பூசிக்கொள்ளச் சிறு குப்பியில் ஊற்றித் தருகிறேன்.