ஆறு வருடம், ஒரே சைக்கிள்: ஷ்ராப்ஷயர் மேடுகளில்

பர்மிங்ஹாமுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் சுமையேற்றி நெடுந்தூரம் போவதற்கான ஒரு டூரிங் சைக்கிள் வாங்கினேன். எஃகு ஃபிரேம், முழு மட்கார்டு, பின்னால் கேரியர், ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக், 35 மில்லிமீட்டர் டயர். ஆறு வருடம் ஆகிவிட்டது. மீட்டரில் 14,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரின் கிராமத்துச் சாலைகளில் ஓடியது. அப்படிப்பட்ட சாலைகளுக்காகச் சைக்கிள் பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்குள்ள மலைகளை உயரத்தை வைத்து எடை போடக் கூடாது. நான் அடிக்கடி போகும் லாங் மிண்ட் மலையின் உச்சியே 516 மீட்டர்தான். கொடைக்கானலும் ஊட்டியும் பார்த்த கண்ணுக்கு அது ஒரு கரடு. ஆனால் நம் மலைப்பாதைகள் கொண்டை ஊசி வளைவு போட்டு, பஸ் ஏறும் அளவுக்குச் சரிவைக் குறைத்து வெட்டப்பட்டவை. இந்தச் சாலைகள் பலவற்றை யாரும் அப்படி அளந்து வெட்டவில்லை. ஆளும் மாடும் பொதிக்குதிரையும் நடந்து விழுந்த தடத்தின் மேல் பிற்பாடு தார் ஊற்றியிருக்கிறார்கள். தடம் நேராக ஏறினால் சாலையும் நேராக ஏறும். ஒரு நாளில் 60 கிலோமீட்டர் போனால் மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும், அதுவும் பத்துப் பன்னிரண்டு குட்டி ஏற்றங்களாக. இறக்கத்தில் சேர்த்த வேகம் அடுத்த மேட்டுக்கு உதவுமா என்றால், பெரும்பாலும் உதவாது. அடியில் ஓர் ஓடைப் பாலமும் ஒரு திருப்பமும் இருக்கும். பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

அதனால் என் அனுபவத்தில் இந்தச் சைக்கிளின் மிக முக்கியமான பாகம் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரம். முன்னால் பல் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருந்தால் மேட்டில் மிதிப்பது லேசு. வாங்கும்போது முன்பக்கம் மூன்று சக்கரம், 48, 36, 26 பல், பின்பக்கம் பெரியது 32 பல். எந்த மேட்டுக்கும் இது போதும் என்று கடையில் சொன்னார்கள். சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊரிலிருந்து லாங் மிண்ட் மேல் ஏறும் பர்வே சாலைக்கு முதல் தடவை 18 கிலோ சுமையோடு போனேன். மிகக் குறைந்த கியரில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி 1.75 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கேட்க மெதுவாகத்தான் தோன்றும். 20 சதவீதச் சரிவில் (100 மீட்டர் போனால் 20 மீட்டர் ஏற்றம்), அவ்வளவு சுமையோடு, அந்த வேகத்தைத் தாங்கப் பந்தயக்காரர்களின் கால் வேண்டும். நான் 35 சுற்றுக்கு இறங்கினேன், அப்புறம் நின்றுவிட்டேன். தள்ளிக்கொண்டுதான் மேலே போனேன். முழங்கால் வலி போக இரண்டு வாரம் ஆனது.

அடுத்த மாதமே முன்பக்கத்தை 44, 32, 22 பல்லாகவும் பின்னால் பெரியதை 34 ஆகவும் மாற்றினேன். இப்போது ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர். 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர், நடை வேகம்தான். ஆனால் மூச்சு வாங்காமல், முழங்கால் நோகாமல், உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். மேல் கியரில் போன நாலு பல்லை இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தேடவில்லை. சுமையையும் 9 கிலோவாகக் குறைத்தேன். அதில் கனமானவற்றை ஹேண்டில்பார் பையில் போடுகிறேன். எல்லாம் பின்னால் இருந்தால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் லேசாகி அலையும், கைக்கு நிற்காது.

சரி, எங்கே செங்குத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபோன் மொத்த ஏற்றத்தைச் சொல்லும். அந்த ஏற்றம் 300 மீட்டர் நீளத்தில் சுருங்கிக் கிடப்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. நான் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:50,000 காகித வரைபடத்தைத்தான் நம்புகிறேன். இந்தப் பகுதிக்கு 137ஆம் எண் தாள். சாலையின் மேல் ஓர் அம்பு இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம், இரண்டு அம்பு இருந்தால் 20க்கு மேல். அம்பு காட்டுவது இறங்கும் திசையை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுக்க வழியைத் தலைகீழாகப் போட்டுக் கஷ்டப்பட்டேன். ஃபோனில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது குறுக்கு வழி என்று குதிரைப்பாதைகளில் இழுத்துவிடும். 1968இல் வந்த சட்டப்படி சைக்கிளுக்கு அங்கே அனுமதி உண்டுதான். ஆனால் பிப்ரவரிக் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரமே சுற்றாது.

ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நான் இன்னும் பயப்படுகிறேன். லாங் மிண்டின் மேற்குப் பக்கம் ஆஸ்டர்டன் கிராமத்துக்கு இறங்கும் சாலை 25 சதவீதச் சரிவு. மழையில் பிரேக்கை அழுத்தினால் முதல் இரண்டு சுற்றுக்கு ரப்பர் கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரைத்தான் துடைக்கும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். சாலை மணலும் தண்ணீரும் சேர்ந்து சாம்பல் நிறக் குழம்பாகி ரிம்மை அரம் போல ராவுகிறது. நாலாவது வருடம் ரிம்மின் பக்கவாட்டில் ஸ்கேல் விளிம்பை வைத்துப் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருந்தது. அந்த அளவுக்கு மெலிந்தால் டயர் காற்றழுத்தத்திலேயே ரிம் பிளந்துவிடலாம். இரண்டு மாதம் முன்புதான் ஒரு கடையில் முழு சர்வீஸ் செய்திருந்தேன், அங்கே இதைக் கவனிக்கவே இல்லை. அது இன்றும் எனக்குக் கோபம்தான். இரண்டு சக்கரத்துக்கும் புது ரிம் போட்டேன். இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் டிஸ்க் பிரேக் எடுப்பேன்.

டயருக்கு எதிரி முள். இங்கே சாலையின் இருபுறமும் சுவர் மாதிரி உயிர்வேலி. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அதை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் இறங்கிவிடும். வெட்டி எறிந்த முள் எல்லாம் தாரில் கிடக்கும். மெல்லிய டயரோடு போன முதல் அக்டோபரில் ஒரே நாளில் மூன்று பஞ்சர். உள்ளே தடித்த ரப்பர் அடுக்கு வைத்த ஷ்வால்பே மாரத்தான் டயருக்கு மாறிய பிறகு ஐந்து வருடத்தில் மொத்தமே இரண்டு. கனமான டயர்தான், ஆனால் குளிரில் விரல் மரத்துப்போய் டியூப் மாற்றியவர்களுக்கு அந்தக் கனம் பெரிதாகத் தெரியாது.

அந்த உயிர்வேலி இந்தச் சாலைகளின் குணத்தையே மாற்றுகிறது. மே மாதம் வெள்ளைப் பூ மண்டிக் கிடக்கும்போது அதற்குள் போவது எனக்குக் கோயில் பிரகாரத்தில் நடப்பது போல இருக்கும், அவ்வளவு அமைதி. ஆனால் திருப்பத்துக்கு அந்தப்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. மூன்று மீட்டர் அகலச் சாலைக்கும் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். வளைவுகளில் நான் ஓரத்தை ஒட்டாமல் நடுவில் போகிறேன், அப்போதுதான் எதிரில் வருபவருக்குச் சீக்கிரம் தெரிவேன். டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடத்தில் முன்கூட்டியே நின்றுவிடுவது நல்லது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், அதுதான் நன்றி. குதிரையில் போகிறவர்களைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிக்காமல் வாய்விட்டு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை பெரும்பாலும் மிரளாது.

நான் திரும்பத் திரும்பப் போகும் வழி இதுதான். சர்ச் ஸ்ட்ரெட்டனில் ரயிலிலிருந்து இறங்கி, பர்வே ஏறி, ராட்லிங்ஹோப் பக்கம் இறங்கி (உள்ளூரில் "ராட்சப்" என்பார்கள், அப்படிச் சொன்னதும் ஒரு பாட்டி முகம் மலர்ந்து வழி காட்டினார்), பிஷப்ஸ் காஸில், க்ளன் வழியாகக் கிரேவன் ஆர்ம்ஸ் ரயில் நிலையம். ஆடுகள் தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே போட்ட இரும்புக் குழாய்கள் மலையின் விளிம்புகளில் வரும். ஈரத்தில் அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவும் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது. சாப்பாட்டுக்கு வழியை நம்ப வேண்டாம். இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். ரயிலில் சைக்கிளுக்கான இடம் மிகக் குறைவு, முன்பதிவு செய்வது நல்லது.

வரும் ஏப்ரலில் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் போகிறேன். இல்ஃப்ராகோம் கடற்கரையிலிருந்து பிளிமத் வரை, 27ஆம் எண் சைக்கிள் வழி, 99 மைல். பாதித் தூரத்துக்கு மேல் பழைய ரயில் தடம் என்பதால் சரிவு குறைவு, மீதியில் டெவனின் மேடுகள் இருக்கின்றன. செயினும் பிரேக் கட்டையும் புதிதாகப் போட்டாயிற்று. 22 பல் சக்கரம் அப்படியே இருக்கிறது.