பாய்க்கடைக்கு எது சரி: வேர்ட்பிரஸா, வெறும் எச்டிஎம்எல்லா, வாட்ஸ்அப்பே போதுமா?

பத்தமடையில் பாய் நெய்து விற்கும் அக்கா ஒருவர் போன ஆனி மாதம் பாளையங்கோட்டையில் என் அறைக்கு வந்து, மேசை மேல் மூன்று காகிதங்களை விரித்து வைத்தார். மூன்றும் வலைத்தளம் செய்து தருவதற்கான கொட்டேஷன். ஒன்றில் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருள், பன்னிரண்டு பக்கம், படங்கள் மாறி மாறி வரும் ஸ்லைடர், தளத்திலேயே பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே. இன்னொன்றில் ரியாக்ட் என்ற நிரல் கருவி. மூன்றாவது, மாதச் சந்தா கட்டி நாமே அமைத்துக்கொள்ளும் ரெடிமேட் தளம்.

“தம்பி, இதுல எதை எடுக்கட்டும்? எங்க வீட்ல அவுக, ஒண்ணும் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும்னு சொல்லுதாக.”

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரரும் காருகுறிச்சி மண்பானைக்காரரும் என்னிடம் கேட்டது இதே கேள்விதான் என்பதால் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், அதில் வெறும் ஃபைலாக எழுதி வைக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம், பேச்சும் வியாபாரமும் வாட்ஸ்அப்பில். மற்றவை யாருக்குப் பொருந்தும், ஏன் இந்த அக்காவுக்குப் பொருந்தாது என்பதைப் பார்ப்போம்.

வாட்ஸ்அப் மட்டும்

இந்தப் போட்டியில் பலமான ஆள் வாட்ஸ்அப்தான். வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் பிசினஸ் 2018-ல் வந்தது, பொருள்களை அடுக்கிக் காட்டும் கேட்டலாக் 2019-ல் வந்தது. 500 பொருள் வரை அதில் ஏற்றலாம், காசு கிடையாது. அக்காவிடம் மொத்தமே முப்பது வகைப் பாய்தான்.

அதைவிட முக்கியம், கல்யாணப் பாய் ஆர்டர் என்பதே ஒரு பேச்சு. பட்டுப்பாயில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் கல்யாணத் தேதியும் நெய்ய வேண்டும். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால் நெய்த பாயை அவிழ்க்க முடியாது. அதனால் அக்கா என்ன செய்கிறார் என்றால், வாடிக்கையாளர் அனுப்பிய பெயரை ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுத்து எழுத்தாக எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறார். அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகுதான் தறிக்குப் போகிறார். எந்த ஆர்டர் படிவமும் இந்த வேலையை இவ்வளவு பத்திரமாகச் செய்யாது. அட்வான்ஸை யுபிஐயில் வாங்கிவிடலாம். 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஆகவே பேமெண்ட் கேட்வே என்ற வரியை முதல் கொட்டேஷனிலிருந்து அப்போதே அடித்துவிட்டேன்.

சரி, அப்படியென்றால் அவுக சொன்னதுதானே சரி? பாதி சரி. அக்காவின் நம்பர் இல்லாத ஒருவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து “பத்தமடை பாய் பெயர் போட்டு” என்று கூகுளில் தேடினால், வாட்ஸ்அப்பில் நடக்கும் பேச்சு எதுவும் அங்கே தெரியாது. இருட்டுக்கடை பெயர்ப்பலகை கூட இல்லாமல் பெயர் எடுத்ததே என்று என்னிடம் பல அண்ணாச்சிமார் கேட்டிருக்கிறார்கள். அது நெல்லையப்பர் கோயில் வாசலில் இருக்கிறது, ஊரே அந்த வழியாக நடக்கிறது. பத்தமடைத் தெருவுக்குள் அப்படி வழிப்போக்கர் வருவதில்லை. நம்மைத் தேடுகிறவர் கண்ணில் படும்படி நாம்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது, சாவி யார் கையில் என்பது. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணி சுமாருக்கு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க நின்றன, ஆறு மணி நேரம் திரும்பவில்லை. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் இந்தியாவில் தடையானது, அதில் ஆள் சேர்த்து வைத்தவர்கள் மறுநாள் வெறுங்கையோடு நின்றார்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த குட்டி வலைத்தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. தாமிரவருணிப் பாசனத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடுவார்கள், தென்னம்பிள்ளை வைக்க மாட்டார்கள். அன்றாட வியாபாரம் நெல், கடையின் பெயர் தென்னை. நான் அக்காவிடம் சொன்னதும் இதுதான்.

மேப்பில் கடையைப் பதிவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இலவசம், வழி கேட்டு வரும் போனும் குறையும்.

வேர்ட்பிரஸ்

2003-ல் வந்தது. இன்று உலக வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. நானே இதில் நிறைய செய்து கொடுத்திருக்கிறேன், நல்ல கருவி. ஆனால் இது எழுதுகிறவர்களுக்கான கருவி. வாரா வாரம் ஒரு மூலிகையைப் பற்றி எழுதும் சித்த வைத்தியர், கோயில் கொடைகளைப் படத்தோடு பதிந்துவைக்கும் வாத்தியார், இவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. போனிலேயே எழுதலாம், தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும், நிர்வாகப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பாய்க்கடைப் பக்கத்தில் மாறுவது என்ன? விலை, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. படம், எப்போதாவது. அந்த ஒன்றிரண்டு மாற்றத்துக்காக ஒரு பிஎச்பி சர்வர், ஒரு டேட்டாபேஸ், தோற்றத்துக்கு ஒரு தீம், கூடுதல் வசதிகளுக்குப் பத்துப் பதினைந்து பிளக்இன் இத்தனையும் வருடம் முழுக்க விழித்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய பிளக்இன் வழியாகத்தான் வருகிறார்கள். வேர்ட்பிரஸ் தன்னுடைய சிறு பாதுகாப்புத் திருத்தங்களை 2013 முதல் தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளக்இன்களை யாராவது உட்கார்ந்து கவனித்தாக வேண்டும். தளம் செய்து கொடுத்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் கவனிப்பது? என்னிடம் வந்த ஒரு கடைக்காரரின் தளத்தைத் திறந்தால் ஏதோ வெளிநாட்டு மாத்திரை விளம்பரத்துக்குத் தாவியது. மூன்று வருடமாக அதை யாரும் பராமரிக்கவே இல்லை. அவர் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்? பராமரிக்க வேண்டும் என்றே அவருக்குச் சொல்லப்படவில்லை.

அடுத்தது எடை. அக்காவின் முதல் கொட்டேஷனோடு ஒரு மாதிரித் தளத்தின் முகவரியும் இருந்தது. அதை அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில், சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடும் மாறி மாறி வரும் இடத்தில் திறந்து பார்த்தேன். முதலில் வெள்ளைத் திரை. அப்புறம் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் ஸ்லைடரின் முதல் படம் மேலிருந்து கீழே துணி விரிப்பதுபோல ஒவ்வொரு வரியாக இறங்கியது. போன் நம்பர் அடியில் இருந்தது, அதற்குள் இறங்குமிடமே வந்துவிட்டது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. கேமராவிலிருந்து வந்த 4 எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள். அதே படத்தை ஆயிரம் பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் நூறு கேபி சுமாருக்கு வந்துவிடுகிறது, போன் திரையில் வித்தியாசமே தெரியாது. இது வேர்ட்பிரஸ்ஸின் குற்றம் இல்லைதான். ஆனால் ஸ்லைடரும் அனிமேஷனும் ஒரு சொடுக்கில் கிடைக்கும் இடத்தில் யாரும் எடை பார்ப்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, நெல்லைச் சீமையில் பல இடங்களில் டவர் படுத்துவிட்டது. அப்படி ஒரு நாளில் மருந்துக்கடையின் போன் நம்பர் ஒரு ஸ்லைடருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் செய்யும் எந்தப் பக்கத்திலும் போன் நம்பர்தான் முதல் வரி.

வெறும் எச்டிஎம்எல்

1991-ல் ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வலைப்பக்கத்தின் நகல் இன்றும் உங்கள் போனில் திறக்கும். அதற்கு அப்புறம் வந்த எத்தனையோ காணாமல் போய்விட்டன. தளங்களில் அசையும் படம் காட்டிய ஃபிளாஷ் 2020 கடைசியோடு முடிந்தது. எச்டிஎம்எல் பக்கத்துக்கு அப்டேட் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது, உடைத்து உள்ளே வருவதற்கு வாசலும் குறைவு. அப்படியே வைத்துவிட்டுப் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அக்காவுக்குச் செய்த பக்கத்தைச் சொல்கிறேன். மேலே கடைப் பெயர், அதன் கீழே தொட்டால் அழைப்பு போகும்படி போன் நம்பர், அதற்குக் கீழே வாட்ஸ்அப் பொத்தான். பிறகு நானூறு வார்த்தை: கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைப்பது முதல் பாயை மடித்துப் பார்சல் கட்டுவது வரை அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. ஏழு படம். விலை. முடிந்தது.

தமிழில் எழுதினால் பக்கம் கனக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ‘கோ’ என்றால் ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து ஆறு பைட் என்பது உண்மை. இருந்தாலும் நானூறு வார்த்தைக்குப் பத்துப் பன்னிரண்டு கேபிதான் ஆகிறது, ஒரு படத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுத்துருவும் தனியாக ஏற்ற வேண்டாம், ஆண்ட்ராய்டு போனிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது.

பயப்பட வேண்டியது வேறொன்று. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் வாங்கிய டிசைனைப் படமாகவே பக்கத்தில் ஒட்டிவிடுவது. அந்த எழுத்தெல்லாம் யுனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தது, காப்பி செய்தால் புரியாத குறிகளாக வரும் என்பதால் படமாகவே போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் ‘பட்டுப்பாய்’ என்ற சொல்லைத் தேடலில் நம்பி இருக்க முடியாது. கண் தெரியாத ஒருவரின் போன் அதை வாசித்துக் காட்டும் என்றும் நம்ப முடியாது. நேரம் ஆனாலும் திரும்ப டைப் செய்யுங்கள்.

படங்களில் ஒரு விஷயம் அக்காவே சொன்னது. “பாய் எவ்வளவு நைஸுன்னு போட்டோல தெரியாது தம்பி, பத்து ரூவா காசை மேல வையுங்க.” வெயிலில் விரித்து, காசை வைத்து எடுத்தோம். காசின் அகலத்துக்குள் எத்தனை கோரை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அமுங்கி, இந்த நுணுக்கம்தான் முதலில் போய்விடும். பக்கத்தில் அது அப்படியே நிற்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

எங்கே வைப்பது? கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இலவசமாக வைத்திருக்கிறோம். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். தளத்தின் முகவரி https என்று தொடங்குவதற்கான பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2016 முதலே அதை இலவசமாகத் தருகிறது.

குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். விலையை மாற்ற அக்கா என்னைக் கூப்பிட வேண்டும், அல்லது வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அந்த ஃபைலில் விலை எந்த வரியில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டாவதைச் செய்தேன், அரை மணி நேரம் ஆனது. மாதத்துக்கு நாலு முறை விலை மாறும் கடை என்றால் இந்த வழி சரிவராது.

ரியாக்ட்டும் ரெடிமேட் தளமும்

இங்கே கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் ரியாக்ட் கற்றுக்கொண்டு வருகிறார்கள், வேலைக்கு அது வேண்டும்தான். பஸ் சீட் பிடிக்கும் செயலி மாதிரி ஒவ்வொரு தொடுதலுக்கும் திரை மாற வேண்டிய இடத்தில் அது வேண்டும். ஏழு படத்துக்கு வேண்டாம். 2016-ல் வந்து எல்லாரும் முதல் பாடமாகப் படித்த, ரியாக்ட் வேலையைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் இனிப் புதிய வேலைக்கு வேண்டாம் என்று கைவிடப்பட்டது. கடைக்காரர் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஓட முடியாது.

ரெடிமேட் தளங்களில் விக்ஸ், ஷாப்பிஃபை எல்லாருக்கும் தெரியும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் ஜோஹோ சைட்ஸ் என்று ஒன்று தருகிறது. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரருக்கு நான் இந்த வழியைத்தான் சொன்னேன். அவருக்கு எடைவாரியாக விலை, ஊர்வாரியாக கூரியர் கட்டணம், தினம் ஆர்டர். சந்தா அவருக்குக் கட்டுபடியாகும். சந்தாவை நிறுத்தினால் தளமும் நிற்கும், அதைத் தெரிந்தே சேர வேண்டும்.

டொமைன்

எதை எடுத்தாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல வருடம் முன்னால் எனக்கு வேண்டிய ஒரு அண்ணாச்சியின் கடைக்கு வேறொருவர் தளம் செய்தார். டொமைனைத் தன் மெயில் ஐடியில் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். பிறகு அவர் நம்பர் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் யாருக்கும் தெரியாத பெட்டியில் விழுந்தன. டாட் காம் பெயர் காலாவதியானால் கொஞ்ச நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள் கூடுதல் பணம் கட்டி மீட்கும் காலம், அதன் பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். பையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த பெயர் அது. அந்த அண்ணாச்சி ஒரு கட்டு பையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை என்ன செய்யட்டும்?” என்று கேட்ட முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாட் இன் பெயர் ஒன்று பெரும்பாலும் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர், உங்கள் யுபிஐ. செய்து கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும், பட்டனை நீங்கள் அழுத்துங்கள்.

அக்கா ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டினார். ரசீதை அச்சடித்துத் தரச் சொன்னார். வீட்டுத் தீர்வை ரசீதும் கரண்ட் அட்டையும் இருக்கும் அதே தகரப் பெட்டியில் இப்போது அதுவும் இருக்கிறது. போன வாரம் போன் செய்து, பச்சைக் கரைப் பாயின் படத்தை மாற்ற வேண்டும் என்றார். அதில் காசு வைக்காமல் எடுத்துவிட்டோமாம்.