அண்ணனின் யு.பி.எஸ்.ஆர். சீட்டு, தங்கையின் அடைவுநிலைத் தாள்: எது நமக்கு அதிகம் சொல்கிறது?

எங்கள் வீட்டில் ஒரே கோப்பில் இரண்டு பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி முடிவுகளும் இருக்கின்றன. மகன் 2019-இல், மலேசியாவில் ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். எழுதினான். அதுதான் கடைசித் தேர்வு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2020-இல் கோவிட் வந்து தேர்வு ரத்தானது. 2021 ஏப்ரலில் கல்வி அமைச்சு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. மகள் படித்து முடித்தது புதிய முறையில். பட்டர்வொர்த்தில் கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “பழசு நல்லதா, புதுசு நல்லதா?” இரண்டையும் பார்த்த அம்மா என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பழசு. 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. நாடு முழுக்க ஒரே கேள்வித்தாள். திருத்துகிறவருக்கு உங்கள் பிள்ளை யார் என்று தெரியாது. தோட்டப்புறத்துச் சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை ‘ஏ’ வாங்கினால் அது கோலாலம்பூரில் வாங்கிய ‘ஏ’-வுக்குச் சமம், யாரும் குறை சொல்ல முடியாது. நம் சமூகத்துக்கு அந்த மதிப்பு தேவைப்பட்டது. பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை பள்ளிகளின் வாசலில் ‘ஏ’ வாங்கிய பிள்ளைகளின் பதாகைகள் தொங்கின! அதைப் பார்த்துத்தான் பல பெற்றோர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் விலையும் கொடுத்தோம். 2016-இலிருந்து மலாய்வழித் தேசியப் பள்ளிப் பிள்ளைக்கு ஆறு தாள், நம் பிள்ளைக்கு எட்டு. மலாய் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, தமிழ் இரண்டு, கணிதம், அறிவியல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு! ஆறாம் ஆண்டு முழுக்க மாதிரித் தேர்வுத் தாள்கள், சனிக்கிழமை வகுப்பு, “விடையளிக்கும் நுணுக்கம்” சொல்லித்தரும் கருத்தரங்கு. 2014-இல் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்துபோய், ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். அப்புறம் 2016. தேர்வு அமைப்பு மாறி, உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடிய அந்த ஆண்டு, எல்லாத் தாளிலும் ‘ஏ’ எடுத்தவர்கள் நாடு முழுக்க 4,896 பேர், அதாவது 1.11 விழுக்காடு. முந்தின ஆண்டில் அதைப்போலப் பல மடங்கு. ஒரே வருடத்தில் பிள்ளைகளுக்கு மூளை குறைந்துவிடுமா? தாள்தான் மாறியது. “எங்கள் காலத்தில் ஏழு ஏ” என்று இன்றைக்குப் பிள்ளையோடு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

என் மகனின் சீட்டில் ஐந்து ஏ, இரண்டு பி, மலாய்க் கட்டுரையில் ஒரு சி. ஏன் சி? தெரியாது. விடைத்தாள் வீட்டுக்கு வராது. எழுத்து மட்டும்தான் வந்தது, காரணம் வரவில்லை. பள்ளியும் முடிந்துவிட்டது.

புதிய முறையில் பார்க்கவேண்டியது இரண்டு தாள்கள். இவற்றைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வகுப்பறை மதிப்பீடு, பி.பி.டி. என்பார்கள். வகுப்பாசிரியர் ஆண்டு முழுக்கப் பிள்ளையைக் கவனித்து ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை கொடுப்பார். மூன்று என்றால் தெரிந்து, புரிந்து, செய்ய முடிகிறது என்று பொருள். இன்னொன்று யு.ஏ.எஸ்.ஏ. என்ற ஆண்டிறுதித் தேர்வு. 2022/2023 கல்வித் தவணையில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்குத் தொடங்கியது. 82-இலிருந்து ஏ, 66-இலிருந்து பி, 50-இலிருந்து சி. திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள்தான். அதனால் யு.பி.எஸ்.ஆர். போல வெளியாள் கை இதில் இல்லை. இது குறைதான், மறைக்க வேண்டாம்.

பி.பி.டி.யின் தரம் ஆசிரியரைப் பொறுத்தது. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் அத்துப்படி. முப்பத்தைந்து பேர் உள்ள நகரத்து வகுப்பில் அது லேசில்லை. எல்லாருக்கும் நான்கு, ஐந்து என்று போய்விடும் ஆபத்து உண்டு.

எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. மகள் ஐந்தாம் ஆண்டு முடிக்கும்போது மலாய்க்கு மொத்த அடைவுநிலை ஐந்து. அதே மலாய்க்கு ஆண்டிறுதித் தேர்வில் 58, சி. எது உண்மை? பள்ளிக்குப் போய்க் கேட்டேன். ஆசிரியை கோபப்படவில்லை. “உட்காருங்கம்மா” என்று சொல்லி, அடைவுநிலைத் தாளை என் பக்கம் திருப்பினார். மொத்த நிலைக்கு மேலே தனித்தனியாக மூன்று வரிகள்: கேட்டல் பேச்சு ஐந்து, வாசிப்பு ஐந்து, எழுத்து மூன்று. நான் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தேன்.

அப்புறம் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். கட்டுரையில் ஒரே மாதிரித் தவறு நான்கு இடத்தில். “புக்கு இத்து டிபாச்சா ஓலே சாயா” என்று எழுதியிருந்தாள். தமிழில் “அந்தப் புத்தகம் என்னால் படிக்கப்பட்டது” சரிதான். மலாயில் ‘சாயா’ (நான்) வந்தால் அப்படி எழுதக்கூடாது. “புக்கு இத்து சாயா பாச்சா” என்றுதான் வரவேண்டும். பிள்ளை தமிழில் யோசித்து மலாயில் எழுதியிருக்கிறாள். “வாசிப்பில் குறையில்லை, இதை மட்டும் பிடித்தால் போதும்” என்றார் டீச்சர். எங்கள் கையில் இன்னும் ஒரு வருடம் இருந்தது.

என் தீர்ப்பு இதனால்தான் புதுசின் பக்கம் சாய்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய்தான் இடைநிலைப்பள்ளியின் வாசல். அதில் பலவீனமாக இருந்தால் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போய்விடும். கூடப் படித்தவர்கள் பதினேழு வயதில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும்போது இவர்கள் பதினெட்டில் எழுதுவார்கள். அந்த ஆபத்தை யு.பி.எஸ்.ஆர். கடைசி நாளில் சொன்னது. புதிய முறை நான்காம் ஆண்டிலிருந்தே சொல்கிறது, நாம் படித்தால்.

விடுதிப் பள்ளிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த அலசல் பொருந்தாது. அவர்களுக்கு பி.கே.எஸ்.கே. நுழைவுத் தேர்வும், மாரா கல்லூரிக்குத் தனித் தேர்வும் இருக்கின்றன. அதற்குத் தனியாகத் தயாராகவேண்டும்.

மற்றவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடைவுநிலை ஒன்று சொல்லி, தேர்வு மதிப்பெண் வேறு சொன்னால் பள்ளிக்குப் போய் விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல் போகவேண்டாம். கேட்டால் காட்டும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அன்று இரவு மகளோடு உட்கார்ந்து அந்த நான்கு வாக்கியங்களையும் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மகன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மா, நானும் இப்படித்தானே எழுதினேன். படிவம் இரண்டு வரைக்கும் எழுதினேன்” என்றான்.